ஏற்று, அணை

சங்கரன்கோயில் ஓடைத் தெருவில் லைவ் போட்டு நைட்டி விற்கிற ஆவுடையை ஒருநாள் காலை பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து கட்டிக்கொண்டபோது, அவள் கத்தவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, போன் கேமராவுக்கு முன்னால் விரித்துப் பிடித்திருந்த கத்திரிப்பூக் கலர் நைட்டியைக் கீழே போடவும் இல்லை. இடது முழங்கை முழுசாக மடங்காமல் விலாவில் இடித்துக்கொண்டு நின்றதிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. வந்துட்டாகளா என்று நினைத்தாள். லீவுக்கு இன்னும் நாள் கிடக்கே என்றும் நினைத்தாள். அதற்குள் கைகள் விட்டுவிட்டன, பரணுக்கு மேலே இருந்த வைஃபை பெட்டியில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் முழித்தன, அவள் நைட்டியை ஒரு உதறு உதறி, "பாக்கெட்டு இருக்கு மேடம், ரெண்டு பக்கமும் இருக்கு" என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

கைக்குரியவன் அவள் புருசன் குற்றாலிங்கம். அந்த நேரத்தில் அவன் ஓமானில் ஒரு மீன் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். சின்ன வயசில் புளியமரத்திலிருந்து விழுந்து, கட்டுப் போட்டவர் போட்ட கட்டிலேயே கோணிக்கொண்ட முழங்கை அது. போனில் "சாப்டியா, சரி, வைக்கேன்" என்பதற்கு மேல் அவனிடம் இன்னொரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிப்பது. கல்யாணப் போட்டோ எடுத்தவர் "கிட்ட வாங்க, இன்னும் கிட்ட வாங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் இருவருக்கும் நடுவே ஒரு பூச்செண்டை நிற்க வைத்து எடுத்துக் கொடுத்தார். லீவில் வந்தால் ஃபேன் றெக்கையைத் துடைப்பான், குழாய்க்கு வாஷர் மாற்றுவான், தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவான், ஹாஸ்டலில் படிக்கிற மகளுக்குப் பெட்டிக்குப் பூட்டு வாங்கிக் கொடுப்பான், கிளம்பும்போது வாசலில் நின்று "கேஸ் புக் பண்ணிக்கோ" என்பான். ஆவுடைக்கு அவன் மேல் ஒரு குறையும் கிடையாது, ஒன்றே ஒன்றைத் தவிர. லைட்டை நிப்பாட்டிய பிறகு உள்ளதெல்லாம் வேறு. பகலில், சும்மா, ஒரு காரணமும் இல்லாமல், அடுப்படியில் நிற்கிறவளை ஒரு கை வந்து சேர்த்துப் பிடித்துவிட்டுப் போகாதா என்று அவள் ஏங்கினாள். அதை வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல் இத்தனை வருசத்தையும் ஓட்டிவிட்டாள்.

அந்த வைஃபை பெட்டி ஒரு நோஞ்சான். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், நைட்டியின் விலையைச் சொல்லப்போகிற நேரம் பார்த்து மூச்சை நிறுத்திக்கொள்ளும். போன் டவர் ஓடைத் தெருவில் பேசவும் மெசேஜ் போடவும்தான் எட்டும், படம் காட்ட எட்டாது. பெட்டியை மாட்ட வந்தவர் எலி கடிக்கும் என்று பரணுக்கு மேலே கொண்டுபோய் மாட்டிவிட்டதால், அதை நிறுத்திப் போட ஒவ்வொரு தடவையும் ஏணி எடுக்க வேண்டியிருந்தது. குற்றாலிங்கம் போன லீவுக்கு வரும்போது ஓமானில் ஒரு கடையில் ஸ்மார்ட் பிளக் ஒன்று வாங்கி வந்து இடையில் செருகினான். நெட் நின்றதும் ஆவுடை ஒரு மெசேஜ் போட, அவன் எங்கே இருந்தாலும் போனில் சொன்னால் போதும், வீட்டில் கரண்டு நிற்கும். பத்து எண்ணிவிட்டு மறுபடியும் சொன்னால் வரும். அதற்குள் பெட்டிக்குப் பித்தம் தெளிந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவன் எட்டாங்கிளாஸ் வரை தமிழில் படித்தவன், ஆகையால் போனில் அதைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தான். அதில் இரண்டே சொல். ஏற்று. அணை.

இங்கேதான் வினை. ஓடைத் தெருவில் யாரும் எதையும் அணைப்பது கிடையாது. சாமி விளக்கென்றால் மலையேற்றுவார்கள், சிம்னியென்றால் அமர்த்துவார்கள், லைட்டையும் ஃபேனையும் நிப்பாட்டுவார்கள். விளக்கை அணை என்று ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்துவந்து சொன்னால் வாயிலேயே போடுவார்கள், வீட்டுக்கு ஆகாது என்று. அணை என்கிற சொல்லுக்கு அந்த வீட்டில் இருந்தது ஒரே வேலைதான்: பிள்ளை சிணுங்குது, அணைச்சுப் படு. பிளக்கோ எங்கேயோ புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் படித்துவிட்டு இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தது. புகுந்த வீட்டுக்கு வந்த புது மருமகள் மாதிரி, சொன்னது எது என்று திருப்பிக் கேட்கப் பயந்துகொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வேலையையும் செய்துவிட்டது. கரண்டையும் நிறுத்தியது, அவளையும் அணைத்தது.

கைகள் முதலில் ஜில்லென்று வரும். குளிர்கிடங்கிலிருந்து நேரே வருகிற கைகள் வேறெப்படி வரும்? போகப்போகச் சூடேறும். கொஞ்சம் மீன் வாடை, கொஞ்சம் எலுமிச்சை சோப்பு. அவன் அங்கே 'ஏற்று' என்று சொல்கிறவரை இருக்கும், சொன்னதும் விட்டுவிடும். வைஃபையே நின்றுபோன பிறகு 'ஏற்று' என்கிற சொல் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது, அது நடக்கவே நடக்காதே என்று கேபிள்காரர் மட்டும் பிற்பாடு தலையைச் சொறிந்தார். கை வந்த வழியாகச் சொல்லும் வரும் என்று தெருவில் அவருக்குப் பதில் சொல்லிவிட்டார்கள்.

ஆவுடை இதை யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தால் கூசிப்போவான், இனி அந்தப் பிளக்கின் பக்கமே போக மாட்டான், தன் கையை இவ்வளவு தூரம் அனுப்பியதற்கு ஓமானில் தனியாக உட்கார்ந்து வெட்கப்படுவான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். கிடைக்காமல் கிடைத்தது கையை விட்டுப் போய்விடக் கூடாதே என்கிற ஒரே பயம்தான் அவளுக்கு. அதனால் ஒன்று செய்தாள். நெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வாய்ஸ் மெசேஜ் போட்டாள்: "என்னங்க, நெட்டு நின்னுட்டு." அவனிடமிருந்து பதில் வராது. சோற்றை வடித்துக்கொண்டிருக்கும்போதோ, நைட்டிக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போதோ கைகள்தான் வரும்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்குக் கை இருந்தது, அதுவும் ஒரு ஜோடியோடு நிற்கவில்லை. ஆவுடை பக்கத்து வீட்டு முப்பிடாதிக்கு வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாள். முப்பிடாதி போன தை மாசம் கல்யாணமாகி வந்தவள், புருசன் இசக்கி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், பொழுது போகாதே என்று கொடுத்தது. அவள் வாயிலிருந்து அது தெரு முழுக்கப் போய், 'கோமதி ஒன்னு ரெண்டு மூனு' என்று சின்னப்பிள்ளைகள் அதை வைத்துப் பாண்டி ஆடுகிற அளவுக்கு ஆகியிருந்தது. பிளக்குக்கு வீட்டு எல்லை எது என்று யார் சொன்னார்கள்? யார் போனில் அந்தப் பாஸ்வேர்ட் கிடக்கிறதோ அவர்கள் எல்லாரும் அந்த வீட்டு ஆட்கள் என்று அது எடுத்துக்கொண்டது. குழாயடியில் குடத்தைத் தூக்கிய முப்பிடாதியை அணைத்தது. கண்ணாடி முன்னால் பாதி முகம் மழித்திருந்த ரிட்டையர்டு கண்டக்டர் பரமசிவனை அணைத்தது. டீக்கடையில் இருந்த ஏழு பேரையும் ஒரே நேரத்தில் அணைத்ததில் டீ சிந்திய வகையில் மட்டும்தான் நஷ்டம்.

முதல் வாரம் யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் பொத்தி வைத்திருந்தார்கள். பிறகு ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் பத்திருபது பேர் ஒரே நேரத்தில் தோளைக் குறுக்கி, கண்ணை மூடி, ஒரே நேரத்தில் திறந்ததும் குட்டு வெளிப்பட்டது. எல்லாருக்கும் இடது முழங்கை இடித்திருந்தது. அந்த முழங்கையை ஊரில் தெரியாதவர் இல்லை.

பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். கை எப்படி வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கரண்டு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டா ஃபேனுக்குக் கீழே படுக்கிறோம்? அவர்களுக்கு இருந்த ஒரே சிக்கல் முறை. தெருவில் இளவட்டப் பெண்கள் எல்லாரும் ஆவுடையை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள். அக்கா என்றால் அவள் புருசன் அத்தான். அத்தான் முறைக்காரன் வந்து கட்டிப்பிடித்தான் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேச இடம் இருக்கிறது, பேசாமல் இருந்தால்தான் அதிசயம்.

பரமசிவன் கண்டக்டர்தான் தீர்ப்புச் சொன்னார். வாழ்நாளெல்லாம் கூட்டத்துக்கு நடுவே புகுந்து புகுந்து டிக்கெட் கிழித்தவர், ஆள் மேல் ஆள் படுகிற விவகாரத்தில் அவர் சொன்னால் எடுபடும். "ஏம்மா, ஆவுடைய எல்லாரும் அக்கான்னுதான கூப்பிடுதிய? நாளையில இருந்து மைனின்னு கூப்பிடுங்க. அவ மைனின்னா அவன் அண்ணன். அண்ணன் கை மேல பட்டா என்ன கெட்டுப் போச்சு?"

"அப்ப ஆம்பளையளுக்கு, அண்ணாச்சி?" என்றான் டீக்கடைக்காரன்.

"ஆம்பளைக்கு என்னல? நீ டவுன் பஸ்ஸுல ஏறுனதே இல்லியா?"

அத்தோடு தீர்ந்தது. மறுநாள் காலையிலேயே தெருவில் ஆவுடைக்கு அக்கா போய் மைனி வந்தது. பிள்ளைகள் சித்தப்பா, பெரியப்பா என்று அவரவர் வயசுக்குத் தக்கபடி அவனை வைத்துக்கொண்டார்கள். கண்டக்டர் வீட்டம்மா மட்டும் வெள்ளிக்கிழமை விரதத்தன்று மீன் வாடை ஆகாதென்று போனை நிப்பாட்டி அரிசிப் பானைக்குள் வைத்துவிடுவாள். சனிக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக எடுத்துப் போடுவாள்.

ஆவுடைக்குத்தான் வயிறு எரிந்தது. இருக்காதா பின்னே? தன் புருசன் கையைத் தெருவே பங்கு வைத்து, அதற்கு முறையும் வகுத்துவிட்டது, அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிடுவோம், என் வீட்டுப் பெட்டி, என் வீட்டுக் கரண்டு என்று கறுவிக்கொண்டு இரண்டு நாள் எல்லாரிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கீழவீட்டுப் பேச்சிமுத்து வந்தார். பிள்ளைகள் இருந்தும் தனியாகக் கிடக்கிற மனுசன், தெருப் பிள்ளைகள் அவர் போனிலும் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டிருந்தார்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் ஏதோ ஒரு படம் எடுக்க பெஞ்சில் காத்திருந்ததாகவும், பயத்தில் எழுந்து திரும்பிவிடப் பார்த்ததாகவும், அங்கேயே, அத்தனை தூரத்திலும், பின்னாலிருந்து கை வந்து பிடித்துக்கொண்டதாகவும் சொன்னார். "கூட வர ஆளு இல்ல தாயி. உம் புருசன் வந்தான்" என்றார். ஆவுடை அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினாள், பாஸ்வேர்டை மாற்றுகிற யோசனையையும் அத்தோடு விட்டாள். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள். அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றோடு சரி, எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

தெரு அதைக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகக் காப்பாற்றியது. காலப்போக்கில் தெருவின் பேச்சே மாறிவிட்டது. யாருக்காவது மனசு சரியில்லையென்றால் ஆவுடை வீட்டு வாசலில் வந்து நின்று, "மைனி, நெட்டு ஸ்லோவா இருக்கு" என்பார்கள். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியவளுக்கு நெட் ஸ்லோ. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு நெட் ஸ்லோ. நெட்டே பார்க்கத் தெரியாத பேச்சிமுத்துவுக்கு வாரத்தில் மூன்று நாள் நெட் ஸ்லோ. ஆவுடை ஏன் எதற்கு என்று கேட்க மாட்டாள், மெசேஜ் போட்டுவிடுவாள். ஓமானில் குற்றாலிங்கம், இந்தச் சனியன் பிடித்த பெட்டியை மாற்றித் தொலைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி, போனை எடுத்து, அணை என்பான், பத்து எண்ணுவான், ஏற்று என்பான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இசக்கி திருப்பூரிலிருந்து வந்தான். கூட்டம் போட்டதும் முறை வைத்ததும் அவனுக்குத் தெரியாது. பெண்டாட்டி போனில் எல்லாம் சொல்லியிருந்தாள், இதை மட்டும் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டிருந்தாள். வந்த அன்று காலையில் அவன் இட்லி தின்றுகொண்டிருக்க, சட்னி ஊற்ற வந்த முப்பிடாதி அப்படியே நின்று, தோளைக் குறுக்கி, கண்ணை மூடினாள்.

"என்னட்டி?" என்றான் இசக்கி.

"ஒண்ணுமில்ல. அத்தான் கை" என்றாள் முப்பிடாதி.

பழக்கதோஷம். நாலு மாசம் அக்கா, அத்தான் என்று சொன்ன வாய், மைனி, அண்ணன் என்று மாறி இன்னும் முழுசாகப் படியவில்லை. "அண்ணன், அண்ணன் கை" என்று உடனே திருத்தினாள்தான். ஆனால் புதுமாப்பிள்ளை காதில் முதலில் விழுந்ததுதான் நின்றது. கையைக் கூடக் கழுவாமல் போனை எடுத்தான், ஓமானுக்குப் போட்டான்.

"வே, எம் பொண்டாட்டிய நீரு எதுக்குவே கட்டிப்பிடிக்கீரு?" என்று ஆரம்பித்து, பாதி அவளிடமிருந்து பிடுங்கியதும் பாதி அவனாக நினைத்துக்கொண்டதுமாக முழுக்கதையையும் ஒப்பித்துவிட்டான். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. கண்டக்டர் செருப்பைக் கூட மாட்டாமல் ஓடிவந்து போனைப் பிடுங்கினார். அதற்குள் எதிர்ப்பக்கம் வைத்தாகிவிட்டது. இசக்கியை உட்கார வைத்து, முறை மாற்றிய விவரத்தைச் சொல்லி, அண்ணன்தான், சந்தேகமில்லாமல் அண்ணன்தான் என்று விளங்க வைக்க ஒரு மணி நேரம் ஆனது. விளங்கிய பிறகு அவனுக்கே வெட்கமாகிவிட்டது. அப்படி என்னதான் கை அது, பார்ப்போம் என்று திருப்பூருக்குத் திரும்பும்போது பாஸ்வேர்டைத் தன் போனிலும் போட்டுக்கொண்டு போனான். பார்க்க ஒன்றும் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஆவுடைக்கு ஒரு மெசேஜ் வந்தது. அந்தப் பிளக்கின் ஆப் பெயர், அதற்கு உள்ளே போகிற எண், கீழே ஒரே வரி: இனிமே நீயே பண்ணிக்கோ.

அவள் எது நடக்கக் கூடாது என்று பயந்துகொண்டே இருந்தாளோ அது நடந்துவிட்டது. போன் போட்டாள். "தப்பா ஒண்ணும் இல்லங்க, தெருவுல எல்லாரும் உங்கள அண்ணன்னுதான்..." என்றாள். அங்கே வண்டி பின்னால் வருகிற கீக் கீக் சத்தம் மட்டும் கேட்டது. "சாப்டியா" என்றான். 'சரி' கூட இல்லை, "வைக்கேன்" என்று வைத்துவிட்டான். நெட் நின்றுவிட்டது என்று அதன் பிறகும் இரண்டு தடவை மெசேஜ் போட்டுப் பார்த்தாள், முதல் தடவை பொய்யாக, இரண்டாம் தடவை நிஜமாகவே நின்று. கைகள் வரவில்லை.

தெருவுக்குச் சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. எல்லாருக்கும் நெட் ஸ்லோ, சொல்லிக்கொள்ள வாசல் இல்லை. முப்பிடாதி வந்து, "வாய் தவறிட்டு மைனி" என்று அழுதாள். "வாய்தான தவறுச்சு, விடு" என்றாள் ஆவுடை. சொன்னாளே ஒழிய ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் அனுப்பிய ஆப்பை அவள் தொடவும் இல்லை. தானே சொல்லி நிறுத்திக்கொண்டால், இனி அவன் சொல்ல வேண்டியதே இல்லை என்று ஆகிவிடும். அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. அதற்கு ஏணியே மேல். ஒரு நாளைக்கு எத்தனை தடவை நின்றாலும் ஏணியை இழுத்துப் போட்டு, பரணுக்கு மேலே எக்கி, பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள்.

தீபாவளி நெருங்கும் நேரம், நைட்டி எடுக்கிறவர்கள் எல்லாரும் ஒரே மூச்சாக எடுக்கிற வாரத்தில், ஏணி வழுக்கி விழுந்தாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை, கணுக்கால் மட்டும் ஊறப்போட்ட பன் மாதிரி வீங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு லைவ் போட்டாள். முப்பிடாதி பக்கத்தில் நின்று நைட்டிகளை விரித்துக் காட்டினாள். எங்கெங்கேயோ இருந்து முந்நூறு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, "இந்த மயில் டிசைன் நாலே நாலு பீஸ்தான் மேடம்" என்று சொல்லி வாயை மூடவில்லை, நெட் நின்றது.

"நான் ஏணில ஏறுதேன் மைனி" என்றாள் முப்பிடாதி.

"நீ முழுகாம இருக்க. பேசாம நில்லு" என்றாள் ஆவுடை.

வேறு வழியில்லை. அவன் அனுப்பியதைத் தேடி எடுத்து, முக்கி முக்கி எட்டிய டவரில் ஆப்பை ஏற்றி, எண்ணைப் போட்டாள். ஒரு பச்சை வட்டம் வந்தது, கீழே இரண்டு சொல். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை நாள் இந்த இரண்டு சொல்லைத்தானே சொன்னீர், இதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லையே, இதைச் சொல்வதற்குமா உமக்கு வெட்கம், எவனோ என்னமோ சொன்னான் என்றால் பெண்டாட்டியைக் கேட்க மாட்டீரா என்று, மனசுக்குள் மரியாதையெல்லாம் பறக்கவிட்டு அவனைக் கிழித்துத் தொங்கப்போட்டாள். அந்தக் கோபம் குறையாமலேயே போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "அணை" என்றாள்.

பரணில் விளக்கு நின்றது. அவளை எதுவும் வந்து தொடவில்லை. வராது என்று தெரிந்தும் ஒரு நொடி முதுகு எதிர்பார்த்து விறைத்தது, அதற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டாள்.

பக்கத்தில் முப்பிடாதி மயில் டிசைன் நைட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்து, தோளைக் குறுக்கி நின்றாள்.

"மைனி" என்றாள் மெல்ல. "இது அண்ணன் கை இல்ல."

"பின்ன?"

"வளையல் குத்துது. ஆட்காட்டி விரல்ல ஊசி குத்துன தழும்பு தட்டுப்படுது." கொஞ்சம் யோசித்து, "எப்பா, என்னா இறுக்கு இறுக்குதிய" என்றாள்.

ஆவுடை தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். மடியில் சும்மாதான் கிடந்தன. ஆனால் ஏதோ கனத்தைத் தாங்குகிற மாதிரி தோள்பட்டை வரை இழுத்தது, அந்தக் கனத்தில் பல ஆட்கள் இருந்தார்கள், எலும்பும் தோலுமாக ஒருவர், தொப்பையோடு ஒருவர், வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி. எதிர்ச்சாரியில் கண்டக்டர், "ஏய், இன்னைக்கு ஆள் மாத்தி வந்திருக்குடோய்" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. திருப்பூரில் மெஷினுக்கு முன்னால் இருந்த இசக்கி, யாரு, அக்காவா என்று வாய்விட்டுக் கேட்டதாகப் பிற்பாடு சொன்னான்.

அவள் ஏழு வரை எண்ணியிருப்பாள், போன் அடித்தது. குற்றாலிங்கம். நடுப்பகலில் கூப்பிடுகிற ஆள் இல்லை அவன். இந்த வீட்டுப் பாஸ்வேர்டை முதல் முதலில் தன் போனில் போட்டுக்கொண்டவன் அவன்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஆவுட" என்றான்.

"ம்."

"நீயா?"

"நாந்தான்."

அதன் பிறகு கேட்டதெல்லாம் வண்டி பின்னால் வருகிற கீக் கீக், இரும்புக் கதவு இழுபடுகிற சத்தம், அதற்கு நடுவே அவன் மூச்சு. ஒரு அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழுந்திருக்கிறவன், பஸ்ஸில் இடிபட்டதைத் தவிர ஒரு மனுசன் கை மேலே பட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று அவள் இதற்கு முன்னால் நினைத்ததே இல்லை. தனக்கு வரவில்லை, வரவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். அவனுக்கு யார் அனுப்பினார்கள்? நினைத்ததும் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"கால்ல அடி, அதான் ஏணில ஏற முடியல" என்றாள், வேறென்ன சொல்வது என்று தெரியாமல். "லைவ் நிக்குது. ஏத்தப் போறேன்."

"ஏத்தாத" என்றான்.

"முந்நூறு பேரு பாத்துக்கிட்டு இருக்காகங்க."

"ஏத்தாத, ஆவுட. செத்த இருக்கட்டும்."

அங்கே யாரோ பக்கத்தில் வந்து இந்தியில் என்னவோ கேட்டார்கள். குற்றாலிங்கத்துக்கு இந்தி நன்றாகத் தெரியும், ஆனாலும் தமிழிலேயே பதில் சொன்னான்.

"எம் பொண்டாட்டி வந்திருக்கா."

ஆவுடை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முப்பிடாதி நைட்டிகளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, ஆவுடையின் வீங்கிய காலுக்குத் தைலம் தேய்க்க உட்கார்ந்தாள். கண்டக்டர் தோளைக் குறுக்கிக்கொண்டே சாப்பிட்டு முடித்தார், டீக்கடையில் தோளைக் குறுக்கிக்கொண்டே வடை போட்டார்கள், பேச்சிமுத்து கட்டிலில் சாய்ந்து அப்படியே உறங்கிப்போனார். ஓடைத் தெருவில் அன்று பொழுது சாயும்வரை நெட் இல்லை, ஏன் இல்லை என்று கேட்டு ஒருவரும் வரவில்லை.